பெயரும் தலைப்பெழுத்தும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெயர்களைப் பற்றி அரைமணி நேரம் பேசுமாறு செயலாளர் பணித்தபோது உடனே ஒப்புக்கொண்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துப் பெயர் கூப்பிட்டே சோறு தின்றவன் நான். எனக்கென்ன தெரியாது என்று எண்ணிவிட்டேன். வீட்டுக்குப் போய்த் தாளை எடுத்து உட்கார்ந்த பிறகுதான், கூப்பிட்ட பெயர்களில் எத்தனையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறோம் என்ற ஐயம் எழுந்தது.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். தேவாரம் பாடிய மூவருக்கும் இவ்வூர் திருமுதுகுன்றம். பழமலை என்பதும் இதன் பழம்பெயரே. விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் அசையாதது, அதாவது மலை. பழமலையை வடமொழியில் பெயர்த்தால் விருத்தாசலம். கோயிலுக்குள் பழமலைநாதர் என்றாலும் அவரே, விருத்தகிரீசுவரர் என்றாலும் அவரே. வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள் மணிமுத்தாற்றுப் பாலத்தில் நின்று நாலாபுறமும் பார்த்துவிட்டு, "மலை எங்கே ஐயா?" என்று கேட்பதுண்டு. மலை பூமிக்குள் அமிழ்ந்திருக்கிறது என்பது தலபுராண மரபு. எனவே நாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மலையின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டிருக்கும் ஊரார்.

இந்த ஊர்ப்பெயரைத் தன் பெயராகக் கொண்டு 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை சொக்கலிங்கம் பிள்ளை. பிள்ளையின் பெயர் சொ. விருத்தாசலம். அப்பிள்ளை வளர்ந்து எழுத வந்தபோது தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயரைத் தமிழுலகம் அறியும். பழைய மலை என்று பெயர் பெற்றவர் புதுமைப்பித்தன் ஆனார்! முதுமையைக் கழற்றி எறிந்து புதுமையை மாட்டிக்கொண்டது தற்செயல்தானா, அல்லது அந்தக் குறும்புக்காரர் அறிந்தே செய்த வேலையா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அவரைப் போன்றவரிடம் தற்செயல் என்று எதையும் எளிதில் ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தவர் மறைமலையடிகள். வேதாசலம் என்ற இயற்பெயரில் வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கினார். நம் ஊர்ப்பெயரில் வடமொழிக்குப் போன அதே மலை, அவர் பெயரில் தமிழுக்குத் திரும்பி வந்தது. 1916-ஐ ஒட்டி எழுந்த தனித்தமிழ் இயக்கத்தின் வரலாற்றை ஒரே பெயரில் படித்துவிடலாம் என்பதற்கு இதுவே சான்று.

நம் பக்கத்துக் கவிஞர்களும் மலையை விட்டவர்கள் அல்லர். குழுமூரில் பிறந்து 1988-இல் 'சனங்களின் கதை' தந்த த. பழமலய், ஐகாரத்தை நீக்கி யகர மெய்யிட்டுத் தம் பெயரை எழுதியவர். நம் ஊர்வாசியான இமயத்தின் இயற்பெயர் அண்ணாமலை. அண்ணாமலை போதாதென்று இமயம் ஆனார் என்று நான் சொன்னால் அவர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

நம் அம்மனின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பலரும் அறிந்ததே, ஆயினும் பெயரைப் பற்றிய உரையில் அதை விட்டுச் செல்ல இயலாது. குரு நமசிவாயர் சிதம்பரம் செல்லும் வழியில் இங்கே தங்கினார். பசித்தது. பெரியநாயகியைக் 'கிழத்தி' என்று விளித்துச் சோறு கேட்டுப் பாடினார். கிழத்தி என்றால் உரியவள், தலைவி. முதியவள் என்றும் பொருள்படும். அம்மை கோல் ஊன்றிய மூதாட்டியாக வந்து, "கிழவி என்று பாடிவிட்டாய், கிழவியால் நடந்து வந்து சோறு படைக்க முடியுமா?" என்று கேட்டாளாம். புலவர் இளமை தோன்ற மாற்றிப் பாடினார். அவளும் இளநங்கையாக வந்து படைத்தாள். பாலாம்பிகை சன்னிதிக்கு வழங்கும் கதை இது. எப்படி அழைக்கிறோமோ அப்படியே வந்து நிற்பேன் என்று தெய்வமே சொல்லும்போது, மனிதப் பிள்ளையின் நிலை என்ன?

இனி, 'கொளஞ்சி'. இந்தப் பெயரைச் சென்னையில் ஓர் அலுவலகத்தில் சொல்லிப் பாருங்கள், "விருத்தாசலம் பக்கமா?" என்று கேட்பார்கள். மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரின் பெயரை இட்டுக்கொள்ளாத தெரு நம் வட்டாரத்தில் இல்லை. கொளஞ்சி, கொளஞ்சியப்பன், கொளஞ்சிநாதன், கொளஞ்சியம்மாள் என்று ஒரே வகுப்பில் நால்வரை நான் கூப்பிட்டிருக்கிறேன். சொல்லின் வேரைப் பார்த்தால் அது ஒரு செடி. வயலுக்குத் தழையுரமாக மிதிக்கும் கொளஞ்சிச் செடி. அச்செடிகள் மண்டிய காட்டில், பசு பால் சொரிந்த இடத்தில் வெளிப்பட்ட உருவமற்ற கல்லே கொளஞ்சியப்பர். அவரிடம் பிராது கட்டுகிறவர் தம் பெயரும் ஊரும் எழுதியாக வேண்டும். பெயரில்லா விண்ணப்பம் அந்த நீதிமன்றத்திலும் செல்லாது.

நிற்க. என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பணியில் சேர்ந்த புதிது. சிற்றூர்ப் பள்ளி. சேர்க்கை நாளில் ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தாள். பையனின் பெயர் குப்பையில் தொடங்கும் பெயர்களுள் ஒன்று. அவன் இன்று பேரப்பிள்ளை கண்ட பெரியவர். ஆகவே முழுப்பெயர் வேண்டாம். எனக்கோ அப்போது சீர்திருத்த வேகம். "இதெல்லாம் ஒரு பெயரா?" என்று, அவளைக் கேளாமலே செல்வம் பொருந்திய ஒரு பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். நற்செயல் செய்த நிறைவோடு வீடு திரும்பினேன். மறுநாள் காலை பள்ளி வாசலில் அவள் நின்றாள்.

"வாத்தியாரய்யா, மூணு புள்ளைங்கள மண்ணுல வெச்சிட்டு நாலாவதா பெத்தது. பொறந்தவுடனே குப்பமேட்டுல போட்டு, மொறத்துல வாரி எடுத்தாந்தேன். இது குப்பதான், ஒனக்கு வேணாம்னு எமங்கிட்ட சொல்லி வெச்ச பேரு. நீங்க பணக்காரப் பேரு எழுதிட்டீங்களாமே. அவன் கண்ணுல பட்டுட்டா நான் யாருகிட்ட போவேன்?"

பதிவேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது என்று தலைமையாசிரியர் மறுத்துவிட்டார். அவள் சண்டை போடவில்லை. வீட்டில் பழைய பெயரையே கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டாள். அவன் காய்ச்சலில் விழுந்து பள்ளிக்கு வராத நாள்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் இரவில் உறக்கமும் இல்லை. பிச்சை, பிச்சையம்மாள், குப்புசாமி, குப்பம்மாள் என்ற பெயர்களை அதன் பிறகு நான் சிரித்துக் கூப்பிட்டதில்லை. அவற்றுள் ஒவ்வொன்றின் பின்னாலும் மண்ணுக்குள் போன பிள்ளைகள் இருக்கலாம்.

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய பதிவேடுகளைப் புரட்டினால், ஒரே தெய்வத்தின் பெயர் ஊர்த்தெருவில் முனுசாமியாகவும் சேரியில் முனியனாகவும் இருப்பதைக் காணலாம். அங்கே குப்புசாமி, இங்கே குப்பன். 'சாமி'யும் 'அப்ப'னும் யாருக்கு, வெறும் 'அன்' யாருக்கு என்று ஊர் தீர்மானித்து வைத்திருந்தது. குப்பையில் எடுத்த பிள்ளைக்கும் அந்தத் தீர்மானத்திலிருந்து விலக்கில்லை. எனவே பெயரை மாற்றியதே பிழை என்று நான் சொல்லவில்லை. கேளாமல் மாற்றியது பிழை.

நம் ஊர் பீங்கான் ஊர். பெயருக்கும் சுட்ட மண்ணுக்கும் உள்ள உறவை நம்மைவிட யார் அறிவார்? கீழடியில் 2018-ஆம் ஆண்டு அகழாய்வில் மட்டும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் 56 கிடைத்தன. அவற்றில் காவியமில்லை, சட்டமில்லை; மிகுதியும் ஆட்பெயர்கள். குவிரன், ஆதன். கொடுமணலிலும் அப்படியே. செங்கடற்கரையில், எகிப்து நாட்டுக் குசைர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்தில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்று இருவர் பெயர்கள். நம் கண்ணனும் சாத்தனும்தாம். வீட்டைவிட்டு அத்தனை தூரம் போனவன் குடிக்கிற பானையில் தன் பெயரைக் கீறி வைத்தான்.

இவ்வோடுகளில் பலவும் சுட்ட பிறகு கீறப்பட்டவை என்பர் ஆய்வாளர். அதாவது எழுதியவன் குயவன் அல்லன், வாங்கிப் பயன்படுத்தியவன். இதைப் படித்தபோது எனக்கு என் தந்தையார் நினைவு வந்தது. அவர் பீங்கான் சூளையில் அடுக்கு வேலை செய்தவர். நெய்வேலிச் சுரங்கம் தந்த வெண்களிமண் அவர் நகக்கண்ணில் இருந்து சாகும்வரை போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. பீங்கான் குவளை ஒன்றின் அடியில், சுடுவதற்கு முன்னே, மீன்முள் போல ஓர் அடையாளம் கீறித் தனக்கென்று வைத்துக்கொண்டார். அகழாய்வு நூல்களில் எழுத்துக்கு முந்தைய குறியீடுகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குவளையைத் தேடுவேன்.

அவர் பெயர் கொளஞ்சி. என் தலைப்பெழுத்து 'கே'. ஆங்கிலத்தில் கே.

தலைப்பெழுத்து என்பது நமக்கே உரிய ஒரு விந்தை. குடும்பப்பெயர் என்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் பெயர் தமிழருள் பெரும்பாலோர்க்கு இல்லை. தந்தை பெயர் ஓர் எழுத்தாகி முன்னே நிற்கும். சிலர்க்கு ஊர்ப்பெயர் இன்னோர் எழுத்தாகும். மகன் தலையெடுத்தால் அவன் பிள்ளைக்கு வேறெழுத்து. ஆங்கில எழுத்தில் சுருக்கியது நேற்றைய வழக்கம், முறை பழையது. சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊர், தந்தையின் தொழில், தன் பெயர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்றால் ஊர், சேரி, உடலடையாளம், பெயர் எல்லாம் வந்துவிட்டன. அஞ்சல்காரர் கடிதம் சேர்த்துவிடலாம். நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர், உடைப்பெயர் என்று தொல்காப்பியர் வகுத்தவை அன்றைய தெருவில் நடமாடிய பெயர்கள்.

மகன் பெயரால் தந்தை விளங்கியதும் உண்டு. ஆதனோடு தந்தை சேர்ந்தால் ஆந்தை என்றாகும், பூதனோடு சேர்ந்தால் பூந்தை என்றாகும் என்பது தொல்காப்பியப் புணர்ச்சி விதி. பிசிர் என்னும் ஊரினர் ஆந்தையார். அவரே கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையார். கீழடி ஓட்டில் மகன், புறநானூற்றில் தந்தை என்று எனக்கு வேடிக்கையாகத் தோன்றும். இயற்பெயர் மறைந்து, பாட்டில் கண்ட தொடரே பெயராகிப்போன செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார் ஆகியோர் இங்குள்ள கவிஞர்கள் பொறாமைப்பட வேண்டியவர்கள். எனக்கு அவர்களுள் குப்பைக்கோழியாரையே மிகவும் பிடிக்கும். காரணம் முன்னமே சொல்லிவிட்டேன்.

பெயரின் பின்னே சாதி நின்ற காலமும் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு அதை விடுமாறு தீர்மானித்தது. ஈ. வெ. ராமசாமி நாயக்கர் என்ற பெயரின் கடைசிச் சொல் உதிர்ந்தது. பின்னர் தமிழ்நாட்டில் பொதுவாழ்வில் நிற்பவர் சாதியைப் பெயரோடு சொல்லக் கூசும் நிலை வந்தது. சாதி போய்விட்டதா என்று கேட்காதீர்கள். பெயரிலிருந்து போனது, அதுவும் சிறிதன்று. இதற்கிடையே 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களிடம் அதே பட்டங்கள் குடும்பப்பெயர்களாக உறைந்து நிற்கின்றன. கவுண்டர் அங்கே கவெண்டர் ஆனார். முதலி மூட்லி ஆனார். மலேசியாவில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதை மலாய்ச் சொற்களின் சுருக்கமாக நடுவில் இட்டார்கள். ஐரோப்பாவில் ஐசுலாந்து மக்கள் நம்மைப் போலவே தந்தை பெயரோடு மகன், மகள் என்று சேர்த்து வழங்குகிறார்கள். அங்கே தொலைபேசிப் புத்தகம்கூட இயற்பெயர் வரிசையில்தான் அச்சாகியது. துருக்கியரோ 1934-இல் சட்டமியற்றிக் குடும்பப்பெயர் எடுத்துக்கொண்டார்கள்.

நமக்குச் சட்டம் எதுவும் வரவில்லை, கடவுச்சீட்டு வந்தது. அந்தப் படிவம் குடும்பப்பெயர் என்ன என்று கேட்கிறது. நாம் தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரை அங்கே எழுதுகிறோம். மனைவி கணவன் பெயரை எழுதுகிறாள். அயல்நாட்டில் கணவனும் மனைவியும் இரண்டு குடும்பம்.

கல்லூரியில் படித்தபோது என் அறைத்தோழர் ஒருவர், "கே என்றால் என்ன?" என்று கேட்டார். வசதியான வீட்டுப் பிள்ளை. நான் சற்றும் தயங்காமல், "கிருஷ்ணமூர்த்தி" என்றேன். ஓர் எழுத்துக்குப் பின்னால் எதையும் ஒளிக்கலாம் அல்லவா? அந்த மாதமே தந்தையார் அரிசி மூட்டையோடு விடுதி வாசலுக்கு வந்து, "நான் கொளஞ்சி, பையனைப் பாக்கணும்" என்று காவலரிடம் சொன்னார். அறைத்தோழர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தந்தையாருக்கு இது தெரியாது. நான் சொன்னதும் இல்லை. இந்த மேடையில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கனடாவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பல்வலிக்கு மருத்துவமனை. காத்திருக்கும் கூடத்தில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து, "மிஸ்டர் கொலாஞ்சி" என்று அழைத்தாள். நான் எழவில்லை. யாரோ நம் ஊர்க்காரர் வந்திருக்கிறார் போலும் என்று சுற்றிலும் பார்த்தேன். அவள் மீண்டும், புன்னகையோடு, "மிஸ்டர் கொலாஞ்சி, ப்ளீஸ்" என்றாள். அப்போதுதான் மகன் என் கையைத் தொட்டான். சூளை மேஸ்திரியும், கடைக்காரரும், அவரைவிட இருபது வயது இளையவர்களும் "டேய் கொளஞ்சி" என்றே கூப்பிட்ட பெயர். அதற்கு முன்னே ஒரு மரியாதைச் சொல்லை அவர் உயிரோடிருந்தவரை நான் கேட்டதில்லை. அங்கே கேட்டேன்; எழுந்து நடந்தது நான்.

2021 திசம்பரில் தமிழ்நாடு அரசு, பெயரைத் தமிழில் எழுதும்போது தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. கே போய் 'கொ' வந்தது. கொ என்று எழுதிவிட்டு கிருஷ்ணமூர்த்தி என்று சொல்ல முடியாது பாருங்கள்.

பெண்கள் பெயரைத் தொடாமல் முடிக்க மனமில்லை. ஐந்தாவதாகவும் பெண் பிறந்தால் போதும்பொண்ணு. அல்லது மங்களம் என்று பாடி முடித்துவிடுவார்கள், சம்பூரணம் என்று நிறைவு செய்துவிடுவார்கள். 'வேண்டாம்' என்றே பெயரிட்ட ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. ஒருத்தியைப் பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம், நீ வேண்டாதவள் என்று அவளுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறோம். குப்பை என்ற பெயரில் ஆசை ஒளிந்திருக்கிறது. இதில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. இத்தகைய பெயரை மாற்றக் கேட்டு வரும் பெண்ணுக்குப் படிவம் நிரப்பித் தருவது நம் வட்டத்தின் இலக்கியப் பணியே என்பது என் கருத்து.

பிறகு அந்தப் பெயரும் வழக்கொழிந்து, 'செல்வி அம்மா' ஆகிவிடுகிறாள். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர் பெயரையும் கல்லில் வெட்டி வைத்தான்; எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பது வரை. ஒவ்வொருத்தி பெயருக்கு முன்னும் தந்தையின் இடத்தில் 'நக்கன்' என்று சிவன் பெயர் நிற்கிறது. ஆயிரம் ஆண்டு கடந்து அப்பெயர்களை நாம் படிக்கிறோம். நம் கோயிலைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியைப் பட்டப்பெயரால் அறிகிறோம். நேற்று நம் வீட்டில் வாழ்ந்த பெண்களின் பெயர்களோ?

இதைச் சோதித்துப் பார்க்க என்னையே கேட்டுக்கொண்டேன். தந்தையின் தாய் பெயர் விருத்தாம்பாள், தெரியும். அவர் தாயின் பெயர் தெரியவில்லை. கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. ஆகவே வட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் பாட்டிமார் இருவர் பெயரையும், முடிந்தால் பூட்டிமார் பெயரையும், பிறந்த ஊரோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். யார் வீட்டிலேனும் முதியவர் இருந்தால் இன்றிரவே கேளுங்கள். நூலகத்தில் ஒரு குறிப்பேடு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் விருத்தாம்பாள் பெயரை எழுதிவிட்டேன். அடுத்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

மலர்க்குழுவினர்க்கும் ஒரு சொல். இவ்வுரையை அச்சிடுவதானால் என் பெயருக்கு முன்னே ஓர் எழுத்தைப் போட வேண்டாம். கொளஞ்சி என்று முழுவதும் போடுங்கள்.